பேரி எழும்பாத நான்கு நாட்கள்

2016ஆம் ஆண்டு மாசி மாதம். வெளியே நல்ல பனி. அப்போது நாங்கள் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். நான், மனைவி, ஒரே மகள், பேரி என்கிற நாய்.

பேரி இங்கத்தைய மலைநாய்ச் சாதி. கறுப்பு உடம்பு, வெள்ளை நெஞ்சு, நாற்பத்திநான்கு கிலோ. மகள் அடம்பிடித்து வாங்கியது. நாயை வீட்டுக்குள் விடுவதா என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனைவிதான், பிறகு கோழி அவித்து எலும்பு நீக்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், மிஞ்சியதைத்தான் போடுகிறேன் என்பாள். எங்களுக்கு மிஞ்சியதே வராது, அது வேறு கதை.

அந்தப் பேரிக்குப் பின்னங்கால் எலும்பில் கட்டி வந்துவிட்டது. காலை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார் மிருக வைத்தியர். எடுத்தார்கள். அந்தக் கிழமை பார்த்து மகளுக்குப் பாடசாலையில் பனிச்சறுக்கு முகாம். போகமாட்டேன் என்று அழுதாள். சனிக்கிழமை நீ திரும்பி வரும்போது பேரி நடந்து வந்து உனக்குக் கதவு திறக்கும், நீ போ என்று நான் வாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் கை தாராளம்.

புண்ணில் கிருமி படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என் தொழில் கட்டடச் சுத்திகரிப்பு. அந்த வேலையில் அப்போதே இருபது வருடம். சுத்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டைப் புரட்டிப் போட்டேன். கம்பளங்களில் கிருமி இருக்கும் என்று எல்லாவற்றையும் சுருட்டி நிலவறையில் கொண்டுபோய்ப் போட்டேன். மரத்தளத்தை இரண்டு தரம் கழுவி, வங்கிக் கட்டடங்களுக்குப் போடுகிற அதே மெழுகைப் போட்டுத் தேய்த்தேன். பின்னேரம் மனைவி வந்து பார்த்து, முகம் தெரிகிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை பேரியைக் கூட்டிவரப் போனேன். தாதிப்பெண் அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டியைக் கொடுத்துப் பின்பாரத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, அது மூன்று காலில் தத்தித் தத்தி என்னிடம் வந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள், ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தால் தசை இறங்கிவிடும் என்று சொல்லி ஒரு தாளும் தந்தார்கள். எனக்கு ஜெர்மன் கதைக்க வரும், வாசிப்பதென்றால் சோம்பல். வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் மகளின் பொறுப்பு. மருந்து நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன்.

வீட்டு வாசலில் பட்டியைக் கழற்றினேன். பேரி ஆசையாக உள்ளே இரண்டு எட்டு வைத்தது. முன்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து போக, தையல் போட்ட பக்கமாக விழுந்தது. ஒரு சத்தம் போட்டது. அதை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. பிறகு வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து, வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற மிதியடிக்குப் போய்ச் சுருண்டு படுத்தது.

அன்றிலிருந்து அது அந்த மிதியடியை விட்டு வீட்டுக்குள் வரவில்லை. கூப்பிட்டால் வாலை மெல்ல ஆட்டும், எழும்பாது. சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தோம். கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெளியே கொண்டுபோகத்தான் பெரும்பாடு. ஆஸ்பத்திரிப் பட்டி வயிற்றை உரசியதால் நான் உடுத்துப் பழசாகிப்போன சாரம் ஒன்றை நாலாக மடித்து வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் பிடித்துத் தூக்கியபடி லிப்டுக்குக் கொண்டுபோவேன். கீழே பனியில் விட்டால் மரம்வரை எப்படியோ தத்திப் போய் வரும். அது அவசரத்தில் போகிறது என்று நினைத்துக்கொண்டோம். நினைப்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

மனைவி மிதியடிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதுக்கு மனம் விட்டுப்போச்சு. இப்பிடி ஆகிட்டன் எண்டு யோசிக்குது போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மகள் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்டாள், "நடக்குதோ அப்பா?" ஓம் ஓம் என்று பொய் சொன்னேன். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து வைத்தியரிடம், மூன்று நாளாக எழும்பவில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது, வாழ விருப்பமில்லாமல் கிடக்கிறது என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை கொண்டு வாருங்கள், பார்ப்போம், உண்மையிலேயே அப்படியென்றால் அதைக் கஷ்டப்படுத்தாமல் விடுவது பற்றியும் கதைக்க வேண்டிவரும் என்றார் அவர். ஊசியைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. நானும் சரி என்றுவிட்டேன். மனைவி போய்க் கோழி அவித்தாள்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனேன். ஒரு அலுவலகக் கட்டடத்தின் முன்கூடம். நிலத்தைத் துடைத்துவிட்டு, வழுக்கும் என்று எழுதி, ஒரு மனிதன் விழுகிற படம் போட்ட மஞ்சள் பலகையை வழக்கம்போல நடுவில் வைத்தேன். அந்த நேரம் இரண்டு ஊன்றுகோலோடு ஒரு வயதான சுவிஸ்காரர் கதவைத் திறந்து வந்தார். வாசல் மிதியடியில் ஏறியவர், அப்படியே நின்றுவிட்டார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், காயட்டும் என்றார். தனக்கு இருப்பது ஒரேயொரு நல்ல கால், அதை இந்த நிலத்தை நம்பி வைக்க முடியாது என்று சிரித்தார்.

நான் அவரைப் பார்த்தேன். மிதியடியைப் பார்த்தேன். கையிலிருந்த துடைப்பக்கட்டை சுவரில் சாய்ந்ததோ விழுந்ததோ தெரியாது. மேற்பார்வையாளரிடம் வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நேரே நிலவறைக்குப் போய்க் கம்பளங்களைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். மனைவி கதவைத் திறந்து, வேலை போய்விட்டதா என்று கேட்டாள். மிதியடியிலிருந்து குசினி வரைக்கும் கம்பளங்களை ஒன்றோடொன்று முட்ட விரித்தேன். போதாத இடத்துக்கு மகளின் யோகா விரிப்பு, அதற்கும் போதாமல் குளியலறை ரப்பர் விரிப்பு. பிறகு நான் குசினி வாசலில் போய்க் குந்திக்கொண்டேன். கூப்பிடக்கூட பயமாக இருந்தது.

பேரி மூக்கை நீட்டிக் கம்பளத்தை முகர்ந்தது. ஒரு முன்னங்காலை வைத்து அழுத்திப் பார்த்தது. எடுத்தது, திரும்ப வைத்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பைக் குலுக்கி எழும்பி, தத்தித் தத்தி, யோகா விரிப்பைக் கடந்து, ரப்பர் விரிப்பைக் கடந்து, என்னையும் கடந்து குசினிக்குள் போய் அடுப்பில் இருந்த கோழிச் சட்டிக்கு நேரே நின்றது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள். "இருவது வருசமா ஊர் முழுக்க வழுக்கும் எண்டு பலகை வைக்கிறியள். வீட்டில ஒண்டு வைக்கத் தெரியேல்லையே உங்களுக்கு." இன்னும் எவ்வளவு சொல்லியிருந்தாலும் நான் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

வெள்ளிக்கிழமை குறித்த நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பேரி தன் காலில். வைத்தியர் தையலைப் பார்த்தார், பாதத்து விரல்களுக்கு இடையில் வளர்ந்திருந்த மயிரை வெட்டிவிட்டார், அதுவும் வழுக்குமாம். சாரத்தை இனி படி ஏறி இறங்க மட்டும் பிடித்தால் போதும் என்றார். சனிக்கிழமை மகள் வந்தபோது பேரி விரிப்புகள் வழியாகவே போய் வாசலில் நின்றது. நடந்ததை ஒளிக்காமல் அவளுக்குச் சொன்னேன். அவள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளை எடுத்து வாசித்தாள். "அப்பா, இதிலயே எழுதியிருக்கு. மூண்டாவது வரி. வழுக்காத விரிப்புப் போடச் சொல்லி." நான் பனியைப் பார்ப்பதுபோல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு பேரி ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தது. லிம்மாட் ஆற்றங்கரையில் மூன்று காலோடு தாரா வாத்துகளைத் துரத்தியது, ஒன்றையும் பிடிக்கவில்லை. தளத்து மெழுகை நான் முழங்காலில் நின்று இரண்டு நாள் சுரண்டி எடுத்தேன்.

கால் ஊன்ற இடமில்லாமல் கிடந்த ஒரு உயிரை, வாழ விருப்பமில்லாமல் கிடக்கிறது என்று நானே முடிவு கட்டி நேரமும் குறித்து வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு ஒருமுறை பதறி, அந்த வியாழக்கிழமை நான் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் ஆறுகிறது.