எல்லாம் தெளிவாகத் தெரிந்த ஒரு படம்

நிலக்காட்சிப் படம் எடுப்பது, காலடியில் கிடக்கும் கிளிஞ்சலையும் தொடுவானத்துப் படகையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காட்டச் சொல்லி லென்ஸிடம் கெஞ்சுகிற தொழில். கெஞ்சிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பறையில் என் பெயர் போட்ட படம் ஒன்று தொங்குகிறது. 'நீ எடுத்ததுதான்' என்று என்னிடம் சொன்னவன் என் கூட்டாளி தாமோதரன். பல வருடங்களாக எனக்கு அதில் சந்தேகம்.

இருபத்திரண்டு

எனக்கும் தாமுவுக்கும் சேர்த்து ஒரே டிஜிட்டல் கேமரா. விடியுமுன் செங்கல்பட்டிலிருந்து அவன் பைக்கில் கிளம்பி, கடற்கரையில் முறை போட்டு எடுப்போம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாகும் என்று படித்திருந்தேன். அதனால் எப்போதும் துவாரத்தை மிகச் சுருக்கும் கடைசி எண்ணான இருபத்திரண்டில்தான் வைப்பேன். ரொம்பவும் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் முழுக்க லேசாக மழுங்கிவிடும் என்பது மண்டையில் ஏறவில்லை. தாமு பதினொன்றோடு நிறுத்திக்கொள்வான். ஃபோகஸையும் முன்னால் கிடக்கும் படகுக் கயிற்றுக்குக் கொஞ்சம் அப்பால் தள்ளி வைப்பான். என் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "இன்னா மச்சான், எல்லாத்தையும் புடிக்கறேன்னு போயி எல்லாத்தையும் கோட்டவுட்டுகினு கீற."

ஸ்டேஷன் பக்கம்

கூடுவாஞ்சேரியில் மனை விற்பவர் ஒருவர், தன் எல்லைக் கல்லும் ரயில்வே ஸ்டேஷனும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றார். அந்த ஒரு தடவை மட்டும் தாமு சொன்னபடி பதினொன்றில் எடுத்தேன். கல்லில் பூசிய மஞ்சள் பெயின்ட், நடுவே கிடந்த வயல்கள், முள்காடு, கடைசியில் ஸ்டேஷன், எல்லாமே பளிச். மனிதர் முகம்தான் வாடிவிட்டது. "சார், அந்த ஸ்டேஷனக் கொஞ்சம் மங்கலாக்குங்க. எவ்ளோ தூரம்னு தெரிஞ்சிபூடுது!"

விடுதிக்குப் போன படம்

அந்த மாதிரி வேலைகள் சோறு போடவில்லை. ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்வதாக முடிவு செய்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் விடுதியில் சுவர் அளவுக்கு ஒரு படம் கேட்டார்கள். கடற்கரைக் கோயிலை இருவரும் மாறி மாறி எடுத்தோம், நான் பழையபடி இருபத்திரண்டிலேயே. நான் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டியிருந்ததால், படங்களைக் காட்ட அவன் மட்டும் போனான். திரும்பி வந்து, வண்டியைக்கூட நிறுத்தாமல் வாசலிலேயே கத்தினான்: "உன்துதான் மச்சான் புடிச்சிகீது அவங்களுக்கு! அந்தக் கம்பெனிக்கு வர்லன்னு சொல்லிடு!"

ஒருவர் இருவரானது

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மற்ற விடுதிகள் என்னைக் கூப்பிட்டன. பிற்பாடு ஒரே காட்சியைப் பல தூரங்களில் ஃபோகஸ் வைத்து எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் ஒட்டவைக்கக் கற்றுக்கொண்டேன். புதுப்பட்டினம் கரையில் அப்படி எடுத்தபோது, வலை சுமந்த ஒருவர் குறுக்கே நடந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒட்டிய படத்தில் அவர் இரண்டு இடங்களில் நின்றார். படத்தை அவர் வீட்டில் காட்டினேன். அவர் மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்: "வூட்ல கீற ஒண்ணையே மேய்க்க முடியல, நீ இன்னோண்ணு குடுக்கறியா?"

பாஸ்போர்ட் சைஸ்

போன மாதம் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய் நின்றேன். முன்னால் கிடக்கும் படகுக் கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் தெரிகிறது. பின்னால் கோபுரத்தில் உப்புக்காற்று அரித்த குழிகளும் தெரிகின்றன. அன்று இருபத்திரண்டை விட்டு இறங்காத என் கையால் இது வந்திருக்க வழியில்லை.

தாமு இப்போது செங்கல்பட்டில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பெரும்பாலும் பாஸ்போர்ட் படங்கள்தான். எனக்கும் ஒன்று வேண்டும் என்று போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "மூஞ்ச ஆட்டாத மச்சான், மழுங்கிடப் போவுது" என்றான். ஆயிரம் காட்சிகளை ஃபோகஸ் செய்த எனக்கு, அன்று அவன் முகத்தை நேராகப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் கேமராவுக்குப் பின்னால் குனிந்ததும் கேட்டுவிட்டேன்:

"தாமு, நான் அந்தக் கம்பெனிக்குப் போயிடக் கூடாதுன்னுதான் உன் படத்த என்னுதுன்னு சொன்னியா?"