கால்வாய்க் கரையில் நாலு சைக்கிள்

மற்றவர்களின் விடுமுறையை ஒழுங்குசெய்வதும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லாதபடியால் அதை யாரும் தொழில் என்று ஒத்துக்கொள்வதில்லை. “அவ பாத்துக்கொள்ளுவா” என்று உங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணை நோக்கிக் கை நீளுகிறதோ, அந்தப் பெண்ணுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா வாசித்துவிட்டுப் போகலாம்.

இருபத்தாறு வருட ரொறொன்ரோ வாழ்க்கையில் நான் விமானம் ஏறியதெல்லாம் கலியாணத்துக்கு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. லண்டனில் நான் பார்த்த முக்கிய இடங்கள் ஐந்து வரவேற்பறைகள். ஒஸ்லோவில் மூன்று. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரேயொரு வாரம், ஒருவர் வீட்டு வாசலையும் மிதிக்காமல், ஒரு கோப்பை தேத்தண்ணியும் மரியாதைக்காகக் குடிக்காமல், வாகனமே வராத பாதையில் சைக்கிள் ஓடவேண்டும். பிரான்ஸின் நாட்டுப்புறத்தில், ஒரு பழைய கால்வாயின் கரையோடு அப்படி ஒரு பாதை இருக்கிறது. முன்பு குதிரைகள் படகு இழுத்துக்கொண்டு நடந்த கரை, இப்போது சைக்கிள்காரருக்கு. பெட்டிகளை ஒரு கொம்பனி அடுத்த விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். நாங்கள் மிதித்தால் போதும்.

அனுமதி

என் கணவருக்கு வயது அறுபது, இரத்தத்தில் கொஞ்சம் சீனி வருத்தம், மற்றபடி சாதுவான மனிதர். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கால்வாய், அதன் மதகுகள், பொப்லர் மரங்கள், ஒரு நாளைக்கு முப்பது கிலோமீற்றர், ஏழு நாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. இடையில் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொண்டார். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தார்.

“அது சரி, ஆரின்ரை கலியாணம்?”

கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே

என்னோடு வர மூன்று பேர் சேர்ந்தார்கள். கணவரின் தங்கை சாந்தி. எங்கள் தெருவில் இருக்கிற அறுபத்தெட்டு வயது றஞ்சி அன்ரி. வோபர்னில் தையல்கடை வைத்திருக்கிற பௌசியா. சனிக்கிழமைகளில் விடியவே, ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகிற மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே உள்ள பாதையில் பயிற்சி. வெக்ஸ்போர்ட் வரை போய்த் திரும்புவோம். பௌசியா முக்காட்டுக்கு மேலே ஹெல்மெற்றை ஒரே அழுத்தில் பொருத்திவிடுவார். சாந்தியின் கொண்டைதான் இரண்டு கிழமை தகராறு பண்ணியது.

றஞ்சி அன்ரி நன்றாகத்தான் ஓடினார். ஆனால் தூரத்தில் யாராவது நடந்து வந்தால் உடனே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோல மறுபக்கம் பார்த்தார். விழுவதற்குப் பயமோ என்று கேட்டேன்.

“விழுறதுக்கு என்ன பயம் பிள்ளை? விழேக்கை எங்கடை ஆக்கள் ஆரும் கண்டிட்டால்?”

நாலு பேருக்குள் ஓர் இரகசியம்

எங்கள் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் சொந்தக்காரர். அங்கே வந்தும் வீட்டுக்கு வராமல் போனார்கள் என்று தெரிந்தால், எங்கள் மூன்றாம் தலைமுறைவரை வாழ்த்தட்டையும் வராது. எனவே ஒரே ஒரு சட்டம் போட்டேன்: பாரிஸில் ஒரு குருவிக்கும் சொல்லக்கூடாது. விமான நிலையத்தில் இறங்கி நேரே ரயில். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் சாந்தி வந்து கதவடியிலேயே நின்றாள். தடித்த ஜக்கெற் தேவைப்படுமோ என்று அறிவதற்காக, பாரிஸில் இருக்கிற தங்கள் பெரியம்மாவின் மகன் குகனுக்கு ரெலிபோன் எடுத்தாளாம். கனடாவில் இருந்துகொண்டு பிரான்ஸின் குளிரைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் மனுஷி அவள்தான்.

“ஒரு ஆளுக்குத்தான் சொன்னன் மச்சாள். அதுவும் ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு சொல்லித்தான் சொன்னன்.”

பன்னிரண்டு மணிக்குச் சாத்திய ஊர்

கால்வாய்க் கரையில் முதல் நாள் நான் சொன்னபடியே இருந்தது. தண்ணீர் அசையவில்லை. ஒரு கொக்கு எங்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டது. பகல் பன்னிரண்டுக்கு ஓர் ஊருக்குள் போனோம். வெதுப்பகம் பூட்டு, தபாற்கந்தோர் பூட்டு, எல்லா யன்னல்களிலும் பலகை சாத்தியிருந்தது. யன்னலுக்கு வெளியே பூச்சாடிகள் மாத்திரம் கடமையில் இருந்தன. இரண்டு மணிவரை அந்த ஊர் சாப்பிட்டுத் தூங்குமாம். நான் வந்ததே இந்தச் சத்தமின்மைக்கு. ஆனால் என் படைக்கு அது பதினைந்து நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை. பௌசியா ஒரு வீட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தினார்.

“கதவத் தட்டிப் பாப்பமா, உசிரோட ஆரும் ஈக்கிறாங்களா எண்டு?”

பாலத்தடியில் புட்டு

இரண்டாம் நாள் பத்து மணிக்கு, முதல் பாலத்தடியில் ஒரு நீல வான் நின்றது. பக்கத்தில் குகன், மடிப்புக் குலையாத சேட்டோடு. அவன் மனிசி மடக்கு மேசையை விரித்து, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, கோழிப் பொரியல் என்று பரப்பிக்கொண்டிருந்தாள். பௌசியாவுக்கு ஹலால் கோழி வேறு பெட்டியில், பெயர் எழுதி. வேலைக்கு லீவு போட்டு, விடிய ஐந்து மணிக்குப் பாரிஸிலிருந்து வெளிக்கிட்டவனை என்னவென்று ஏசுவது? சாப்பிட்டோம். புட்டு நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

ஏழு கிலோமீற்றர் மிதித்து அடுத்த பாலத்துக்குப் போனால் அங்கேயும் வான், வடை, தேத்தண்ணி. அதற்கடுத்த பாலத்திலும் அப்படியே. வாகனம் வராத பாதைக்குள் வான் வராதுதான். ஆனால் அந்தப் பாதையைக் கடக்கிற ஒவ்வொரு றோட்டிலும் அது எங்களுக்கு முன் போய் நின்றது. மூன்றாவது வடையோடு நான் பொறுமை இழந்து, எதற்கு இந்தக் காவல் என்று கேட்டேன்.

“உந்தப் பாதையிலை ஒரு வாகனமும் இல்லை மச்சாள். ஏதும் நடந்தால் ஆர் பாக்கிறது?”

வாயில் வந்தது

அன்று பின்னேரம் விடுதி முற்றத்தில் குகன் ஒரு கடதாசியை எடுத்து விரித்தான். பதினான்கு வீடுகள். காலைச் சாப்பாடு யார், மத்தியானம் யார் என்று கோடு போட்டிருந்தது. நாளைக்குச் சைக்கிள்களை வானில் ஏற்றினால் மிச்சம் ஐந்து நாளும் பாரிஸ்; சனம் காத்துக்கொண்டிருக்கிறதாம். சாந்தி நிலத்தைப் பார்த்தாள். றஞ்சி அன்ரி கடதாசியைப் பாசத்தோடு பார்த்தார். என் வாரம் கண்ணுக்கு முன்னால் பதினான்கு வரவேற்பறைகளாக மாறிக்கொண்டிருந்தது.

‘ஏலாது’ என்று சொன்னால் கோபம். ‘பாப்பம்’ என்று சொன்னால் ஓம் என்று அர்த்தம். கொன்வென்ரில் பன்னிரண்டு வருடம் படித்ததில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: பொய்க்குள் கடவுளை வைத்துவிட்டால் சிஸ்டரும் மேலே கேள்வி கேட்கமாட்டார். “நேர்த்திக்கடன், குகன்,” என்றேன். “உங்கடை அண்ணையின்ரை சீனி குறையவேணுமெண்டு றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாருக்கு வைச்சது. கால்வாய் முடியுமட்டும் ஒரு வீட்டு வாசலும் மிதிக்கக்கூடாது. பாதையிலை வாயும் திறக்கக்கூடாது.” அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு, கொஞ்சம் யோசித்து, பௌசியாவைப் பார்த்தான். அவர் கண்ணும் வெட்டவில்லை.

“நாங்களும் நேர்ச்சை வைப்பம், தம்பி.”

ரெலிபோன்

வான் பாரிஸுக்குத் திரும்பி அரை மணித்தியாலத்தில் ரொறொன்ரோவிலிருந்து என் கணவர் எடுத்தார். குகன் எல்லாம் சொல்லிவிட்டானாம். இத்தனை வருடத்தில் தனக்காக ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தாதவள், கடல் கடந்து சைக்கிளில் நேர்த்தி வைக்கிறாள் என்றால் சும்மாவா என்று யோசித்திருக்கிறார். யோசிக்க யோசிக்கப் பாசம் இறங்கிப் பயம் ஏறியிருக்கிறது.

“எனக்கு அவ்வளவு கடுமையோ? டொக்டர் உன்னட்டைத் தனிய ஏதும் சொன்னவரோ?”

கடைசி மதகு

அடுத்த நாலு நாள் நான் கேட்ட நாட்கள். பாலங்களில் யாரும் இல்லை. சரளையில் சில்லு உருளுகிற சத்தம், ஒரு தவளை, எப்போதாவது ஒரு மாடு. பொய் நேர்த்தி என்று தெரிந்தும் றஞ்சி அன்ரி வாய் திறக்கவில்லை. பிள்ளையாருடன் யார் வழக்காடுவது என்பது அவர் கட்சி.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் லீவு. விடுதிக் கதவைத் திறந்தால் வெளியே பதினொரு வாடகைச் சைக்கிள்கள், பதினொரு சொந்தக்காரர், நெற்றியெல்லாம் திருநீறு. நேர்த்திக்காரரைத் தனியே விடக்கூடாதாம். அதை அவர்கள் சொல்லவில்லை. குகன் கையால் காட்டினான். அவன் காலில் செருப்பும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதைத் திறந்து சொல்ல என் நேர்த்தியே இடம் தரவில்லை. பதினைந்து பேரும் வரிசையாக மிதித்தோம். ஒருவர் தும்மிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிரே வந்த வெள்ளைக்காரச் சைக்கிள்காரர்கள் ஓரமாக இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார்கள்.

முதல் ஐந்து கிலோமீற்றர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அதன்பிறகுதான் கவனித்தேன். தண்ணீர் எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் பதினைந்து பேர் ஒன்றாக இருக்கிற இடத்தில் தவளையின் சத்தம் எனக்குக் கேட்டது. மிச்ச இருபத்தைந்து கிலோமீற்றரும் அப்படியே போனது. கடைசி மதகின் கல்லில் குகன் தேங்காயை உடைத்தான். அது சரிபாதியாகப் பிளந்தது. எல்லோருக்கும் வாய் திறக்க உத்தரவு கிடைத்ததுபோல ஒரு பெருமூச்சு. முதலில் பேசியவனும் அவன்தான்.

“மச்சாள், அடுத்த வருசம் எத்தினையாம் திகதி?”

ஒரு பெண் தனக்கென்று அரை மணித்தியால அமைதி கேட்டால் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்கிற சனம், அதையே சாமிக்கென்று கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தருகிறது.