கடைசி நிரையில் அப்பா

அப்பாவைப் புதைத்த இடத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பல மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் இன்னும் கொஞ்சம் மோசமானால் மலை ஏற முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்கு பஸ் ஏறினோம், அங்கிருந்து ஆட்டோ.

அப்பா கிடக்கும் மலை இப்போது பாதுகாக்கப்பட்ட வனம். தேயிலைத் தோட்டம் தன் மேல்பிரிவைக் கைவிட, காடு இறங்கி வந்து எடுத்துக்கொண்டது. வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த மலைக்குள் போக அம்மாவுக்கு டிக்கெட் வாங்கியபோது எனக்கு எரிச்சலாக வந்தது. வாசல் பலகையில் பறவைகள், ஓணான்கள் பெயரெல்லாம் இருந்தன. அங்கே உழைத்துச் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே நெருப்பு கூடாது என்று காவலர் அம்மாவின் பையில் பூவை மட்டும் விட்டு, சூடத்தையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். அட்டை ஏறாமலிருக்கக் காலில் தேய்த்துக்கொள்ளச் சவர்க்காரத் துண்டு கொடுத்தார்.

தோட்டத்தில் எங்களவர்கள் குழிக்குக் கல் வைத்ததில்லை. தேயிலைதான் விலாசம். எந்த மலை, எந்தத் தண்ணீர்க் கான் ஓரம், எந்த நிரை என்று சொன்னால் யாரும் நேரே போய் நின்றுவிடலாம். அப்பாவுக்குக் கடைசி நிரை. தேயிலை எங்கே போய்விடப்போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தேயிலை எங்கும் போகவில்லை. கிளை நறுக்கிக் கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்டது. இடுப்பளவு செடிகளுக்கு மேலால் மலை முழுவதையும் பார்த்துப் பழகிய அம்மா, அந்த ஈர இருட்டுக்குள் திசை தெரியாமல் திணறினார். கான்கள் மண்மூடிக் கிடந்தன. நிரை என்று ஒன்றே இல்லை.

"இங்கதான் புள்ள" என்றார். கொஞ்சம் தள்ளிப்போய், "இல்ல, அந்தப் பக்கம்" என்றார். பிறகு ஒரு மரத்தில் கையை ஊன்றி நின்றுவிட்டார்.

அப்பா செத்தபோது நான் கைக்குழந்தை, எனக்கென்ன தெரியும்? ஏதாவதொரு மரத்தடியைக் காட்டி "இதுதாம்மா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மா நம்பமாட்டார்.

"பூவ எங்க போடுறது?" என்று கேட்டார். பூவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ் வத்தேகம தாண்டியது. அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நான் செத்தா பொதைக்காதீங்க. கண்டியிலயே எரிச்சிருங்க. நீயும் இப்படி வந்து தேடிக்கிட்டு நிக்க வேணாம்."