மணலுக்கடியில் ஓடிய ஆறு

கனடாவிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். உறைந்துபோன ஆற்றின்மேல் நடந்துகொண்டிருந்தான். இங்கே காஞ்சிபுரத்தில் மாசியிலேயே எனக்கு வேர்த்து வழிந்தது.

"காலுக்குக் கீழ ஐஸு, அதுக்கும் கீழ தண்ணி ஓடிக்கினே இருக்குது தங்கச்சி. நம்ம ஊர்ல இந்த அதிசயம் உண்டா? பேருக்குதான் பாலாறு!" என்று சிரித்தான்.

அவன் பூட்ஸ் சரக் சரக்கென்றது. ஆற்றுமணலில் நடக்கிற அதே சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரை வெயிலில் உள்ளங்கால் பொசுங்க நானும் அவனும் அம்மா பின்னால் பாலாற்றுக்கு ஓடுவோம். அம்மா கையாலேயே மணலைப் பறிப்பாள். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுரக்கும். முதலில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துவிட்டு, தெளிந்த பிறகுதான் குடத்தில் மொள்ளுவாள். கிளம்பும்போது அண்ணன் விளையாட்டாகக் குழியை மூடப் போனால் முதுகில் ஒன்று விழும்.

"மூடாதடா, ஆடு மாடு குடிக்கும்!"

பிறகு அப்பா லாரி வாங்கினார். அடியில் களிமண் தெரியும்வரை எல்லோருமாக அந்த மணலை அள்ளினார்கள். எங்கள் தெருவுக்கு இப்போது குடிதண்ணீர் கேனில் வருகிறது.

"இன்னாமா, ஐஸு தெரியுதா?" என்றான் போனில், சிரிப்பு மாறாமல்.

"நம்ம ஆறும் கீழதான் ஓடிக்கினு இருந்துது. அப்பா அத லாரியில ஏத்திட்டாரு. அந்தக் காசுலதான் நீ ஃப்ளைட் ஏறுன. சிரிக்காத!"

பூட்ஸ் சத்தம் நின்றது.