மீனுக்குக் கட்டிய கரை

போன வாரம் என் மகள் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். தென்னூர்ப் பக்கம் பஸ் நின்றுவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாழைத்தோப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. நான் பள்ளிக்கூடம் போக அதன் கரைதான் வழி. ஒரு வருஷ வெள்ளத்தில் கரை கரைந்து, ஓர் ஆள் நடக்கும் அகலமே மிஞ்சியது. அடுத்த கோடையில், வாய்க்கால் வறண்டிருந்தபோது, அப்பா கரையடியில் மூங்கில் முளைகளை அடித்தார். இடையில் கருவேல முள் கட்டுகளைத் திணித்துக் கல் ஏற்றினார். வண்டல் அங்கே தங்குமாம். மேலே நொச்சிக் கம்புகளை நட்டார். எதற்கு என்று கேட்டேன்.

“மீனுக்கு வீடு கட்டுறேம்மா. முள்ளுக்குள்ள இருந்தா கொக்கு கொத்தாதுல்ல?”

கஞ்சித் தூக்கோடு வந்த அம்மா விடவில்லை. “மீனே வாங்காத வீட்டுல மீனுக்கு பங்களா கட்டுற மனுஷரை இங்கதான் பாக்குறேன்.”

“பால் காய்ச்ச நீதான் வரணும்” என்றார் அப்பா.

மேட்டூர் தண்ணீர் வந்ததும் கெண்டைக் குஞ்சுகள் உண்மையிலேயே குடிவந்தன. ஆனால் முள்ளுக்குள் இருந்தவை கண்ணில் படவில்லை. வகுப்புத் தோழிக்குக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தொரட்டியால் இரண்டு கட்டுகளை இழுத்துப் போட்டேன். மீன் வீட்டுக்கு ஜன்னல் வைத்துவிட்ட பெருமை எனக்கு.

ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த ஜன்னல் வழியாகப் புகுந்து கரையைத் தின்றது. ஒருநாள் காலை அங்கே கால் வைத்ததும் மண் சரிந்தது. புத்தகப் பை போயிற்று. நொச்சியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் கத்தினேன். அப்பா தோப்பிலிருந்து ஓடிவந்து தூக்கினார்.

முள்ளை எடுத்ததை அழுதுகொண்டே சொல்லிவிட்டு, அடிக்காகக் காத்திருந்தேன். அவர் தோள் துண்டால் என் தலையைத் துவட்டினார். பிறகு, “போவட்டும். மீனுங்கதான் பயந்துபோயிருக்கும்” என்றார்.

அன்றே மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் புது முள் வைத்தார். மறுநாளிலிருந்து, நான் பள்ளிக்குப் போகும் நேரத்துக்குச் சரியாகக் கரையில் வந்து நின்றார். “மீனெல்லாம் திரும்பிடுச்சான்னு பாக்குறேன்” என்பார். தோழிகள் ‘மீன் அப்பா’ என்று கேலி செய்தார்கள். வெட்கம் தாங்காமல், “வராதீங்கப்பா” என்றுகூடச் சொன்னேன்.

நொச்சி என் தலைக்கு மேல் வளர்ந்த பிறகும் வந்து நின்றார். கரையைக் கடந்து ரோட்டில் ஏறித் திரும்பினால், அங்கேயே நிற்பார். அத்தனை நாளில் ஒருநாள்கூட அவர் தண்ணீரைப் பார்த்து நான் கண்டதில்லை. அது ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.