கமலத்தின் வாசலும் தொடரில் வந்த ஹாலும்

இன்று ஆகஸ்ட் பதினான்கு. எனக்கு எழுபத்தாறு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன.

கமலம் இன்று காலை போய்விட்டாள். என்னைவிட இரண்டு வயது இளையவள்... இதிலும் முந்திக்கொண்டாள்.

ஏற்காட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி. காப்பித் தோட்டக்காரரின் மனைவி, பிறகு விதவை, பிறகு, ஒரு டிவி தொடரின் புண்ணியத்தில், ஊருக்கே ‘பெரியூட்டம்மா’.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுவதும் அவள் படம். கூடவே அந்தத் தொடரில் வரும் ஹாலின் படம்: மரப்படி, இரட்டைத் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல்.

“கமலம்மா இல்லாமல் இந்த ஹால் இனி வெறிச்சோடிவிடும்” என்று என் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். இயற்பியலில் அவளுக்கு மதிப்பெண் போட்டவள் நான்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடர்களில் ஒரு வீட்டின் வெளிப்புறம் ஓர் ஊரில் இருக்கும், உட்புறம் வேறோர் ஊரில் இருக்கும். வெளிப்புறம் கமலத்தின் வீடு. உட்புறம் சென்னை ஸ்டூடியோ ஒன்றில் பிளைவுட்டில் அடித்த செட்.

வீடு தேடி வந்த ஆர்ட் டைரக்டர் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். இதை நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

உள்ளே நெடுநேரம் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றார். “உள்ள பிரமாதம் மேடம். ஆனா வெளிய பாத்தா வீட்டுக்கு முகமே இல்லையே” என்றார். சில்வர் ஓக் மரங்கள் மறைக்கின்றனவாம்.

வேலிக்கு அப்பால் கமலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு முகம் இருந்தது... வெள்ளை வளைவு, அகலப் படிகள், இருபுறமும் நீலப் பூச்செடிகள். உள்ளே கேமராவைப் பின்னால் நகர்த்தக்கூட இடமில்லாத குறுகல் கூடம் என்பது வேறு விஷயம்.

வாசலில் எடுக்க வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு போனார்கள். கார் வருவது, கார் போவது, கல்யாணப் பந்தல், சாவுக்கு வந்த கூட்டம்... மூடுபனி இறங்கினால் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். உள்ளே வெயில் அடிக்கும் காட்சிக்கு வெளியே பனி ஆகாதாம்.

புது மருமகள் வலது காலை ஏற்காட்டில் தூக்கினாள், சென்னையில் வைத்தாள்.

ஊருக்கு இதெல்லாம் புரியவில்லை. தொடரில் மாமியார் மருமகளை விரட்டிய மறுநாள், காப்பி பறிக்கப் போகும் பெண்கள் கமலத்தின் கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள்.

“ஏனுங்கம்மா, அந்தப் புள்ளையத் தொரத்தி உட்டுட்டீங்களே, நாயமுங்களா?”

“நானா தொரத்துனேன் சாமி? நான் அந்நேரம் ரசம் வெச்சுட்டு இருந்தேன்!”

“உங்க ஊட்டுல நடக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

மருமகள் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவாள் என்று கமலம் வாக்குக் கொடுத்த பிறகே அவர்கள் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார்கள். மருமகள் வந்தும்விட்டாள். அதற்கும் கமலத்துக்கே பெயர்.

என்னிடம் வந்து நியாயம் கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை...

ஒருமுறை செட்டைப் பார்க்க எங்களைச் சென்னைக்கு அழைத்தார்கள். சரியாகச் சொன்னால், அவர்கள் அவளை அழைத்தார்கள். அவள் என்னை அழைத்தாள்.

மூன்று சுவர்கள்; நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்கள். கூரை கிடையாது, அங்கே விளக்குகள். படியேறினால் மாடி இல்லை. மேற்படிக்குப் பின்னால் ஒரு பலகையில், கதாநாயகனின் அப்பா தம்மைக் கூப்பிடும்வரை போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருத்தி சொன்ன ஒரு வரிக்கு, சுற்றி நின்ற அத்தனை பேரின் அதிர்ச்சியையும் தனித்தனியாக எடுத்தார்கள். திரைச்சீலையை மாற்றினால் அதே மூலை வில்லியின் அறை.

கமலம் நேரே போய் வாசற்கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால், பெரிய துணியில் அச்சடித்த ஏற்காடு தொங்கியது.

“ஏனுங்க டீச்சர், நம்மூர இங்க கொண்டாந்து மாட்டி வெச்சுருக்காங்க பாருங்க!” என்று சிரித்தாள். நான் கல்லூரிப் பேராசிரியை. அவளுக்குக் கடைசிவரை டீச்சர்தான்.

பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். “இது நொம்ப நல்லா இருக்குதுங்க. எங்கியோ பாத்தாப்பல இருக்குது...”

“செட்டுன்னா எல்லாம் பாத்த மாதிரிதான் இருக்கும், கமலம்” என்றேன்.

தொடர் ஓடிய காலமெல்லாம் மாலையில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். தன் வீட்டைப் பெரிய டிவியில் பார்க்க வேண்டுமாம்.

“டீச்சர், எங்க ஊடு வருதுங்க, வாங்க!” என்று என் சமையலறையை நோக்கிக் கூப்பிடுவாள். என் டிவி, என் சோபா, என் முறுக்கு... அவள் வீடு.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆம். இன்று பகலில், குப்பனூர் மலைப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டுகூட அவளைப் பார்க்க வந்த வண்டிகளைக் கண்டபோதும்.

பந்தலைத் தொடரில் போட்ட அதே இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே போட்டால்தான் வீடு முழுதாகத் தெரியுமாம்.

போய் வா, கமலம். உன் வாசல் அழகுதான். அதை நான் மறுத்ததில்லை.

ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். அந்த ஆர்ட் டைரக்டர், முகமில்லாத என் வீட்டுக்கு மறுநாளும் வந்தார். டேப் பிடித்து என் ஹாலை அளந்தார். ஜன்னல் கண்ணாடியின் நிறம்வரை படம் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் காலையிலிருந்து பகிரும் அந்த மரப்படி, தூண், ஜன்னல் எல்லாம் என் வீட்டைப் பார்த்துச் செய்தவை. பெரிதாக்கியதும் தங்கப் பூச்சும் மட்டுமே அவர்களுடையவை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள்.

செட்டில் கேமரா நின்ற அந்த நான்காவது சுவரில்தான் என் டிவி இருக்கிறது. கமலம் அதைப் பார்த்துத்தான் உட்காருவாள். ஹால் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.