உறுதி இல்லாத காணி

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. காலையில் நான் சாமிப்படத்துக்கு விளக்கேற்றும் நேரம் பார்த்து இவர் கட்டிலால் எழும்பினால், வீடு ஒருதரம் ஆடும், சுடரும் சேர்ந்து ஆடும். "மெல்லமாக் காலை வையுங்கோவன்!" என்று கத்தாத நாளே இல்லை. சுவிஸில், பேர்ண் நகரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று எங்களை எழுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதனின் பென்சனுக்கு வேறு வீடு அகப்படவில்லை. அதனால் ஆரே ஆற்றங்கரையில், ஆட்கள் வருடம் முழுக்கக் குடியிருக்கும் இந்தக் காம்பிங் மைதானத்தில் பழைய மொபில்ஹைம், சக்கரம் வைத்த வீடு, ஒன்றை வாங்கி வந்து சேர்ந்தோம். வீடு எங்களுடையது, அது நிற்கிற நிலம் வாடகை. ஊரிலிருக்கும் தங்கச்சி வீட்டைக் காட்டச் சொன்னால் கமராவைச் சன்னலுக்கு மேலேயே பிடிப்பேன். சக்கரத்தைக் கண்டால் அவள் கேட்கும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது?

வசந்தத்தில் நிலத்துக்காரர் இறந்துபோனார். பிள்ளைகள் விற்கப்போவதாகச் சொன்னார்கள். விடுமுறை விடுதி கட்டும் கம்பனி ஒன்று வாங்கக் காத்திருந்தது. வாங்கினால் எங்கள் எல்லோரையும் கிளப்பிவிடும். இந்த வயதில் இந்தப் பெட்டியை எங்கே இழுத்துக்கொண்டு போவது?  பக்கத்து வீட்டு ஃபிராவ் மோசர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுசி, ஒரு வழி கண்டுபிடித்தார். குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கெனோசன்ஷாஃப்ட், அதாவது கூட்டுறவுச் சங்கம், அமைத்து நிலத்தை வாங்குவது. ஒரு குடும்பமும் விடுபடாமல் கையெழுத்து வைத்தால்தான் வங்கி கடன் தரும். "இனி இந்த நிலம் உங்களுக்கும் சொந்தம்" என்று எங்கள் வாசலில் நின்று மோசர் சொன்னார்.

சொந்தம் என்றதும் இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சனிக்கிழமையே கட்டையும் கம்பியும் வாங்கிவந்து சுற்றிவர வேலி அடைத்தார். யாழ்ப்பாணத்தானுக்குக் காணி என்றால் முதல் வேலை அதுதானே. மோசரின் ரோசாச் செடிகள் இரண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டன. காம்பிங்கே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனது. இந்த நாட்டில் ஆட்கள் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

மறுநாள் மோசர் வந்தார். "நீங்கள் சேர விரும்பவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏன் பிரித்துக்கொண்டீர்கள்?"

இவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: "சேர விருப்பம். எங்கள் துண்டுக்கு எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் தாருங்கள்."

"துண்டு என்று ஒன்றும் இல்லை. எல்லாம் எல்லோருக்கும்."

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லை" என்று தமிழில் சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். மோசர் என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். கையெழுத்து வைக்க அதுதான் கடைசி நாள். காலையிலிருந்து கெஞ்சினேன். "உறுதி இல்லாத காணிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று ஒரே பிடியாய் நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"வலிகாமத்தில உறுதி இருந்ததுதானே? காணி எங்க எண்டு உங்களால காட்ட முடிஞ்சுதோ?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இவர் வேலையில் இருந்த காலத்தில், இராணுவம் பிடித்து வைத்திருந்துவிட்டு விட்ட காணியைப் பார்க்க நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். வேலியும் இல்லை, கிணறும் இல்லை. எல்லாவற்றையும் தள்ளி மட்டமாக்கியிருந்தார்கள், மிச்சம் பற்றை. உறுதியைக் கையில் விரித்தபடி இவர் அங்கேயும் இங்கேயும் நடந்தார். "இதுதான்... இல்லை, அதாக்கும்." பக்கத்துக் காணிக்காரரும் தன் காணியைத் தேடிக்கொண்டிருந்தார். நில அளவையாளர் வரும்வரை நிற்க இவருக்கு லீவு இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

இவர் போய்க் கட்டிலில் இருந்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரும் இருந்தது, என் கையெழுத்தும் செல்லும். நான் தனியே போனேன்.

கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வேலியைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். "எங்கள் ஊரில் வேலி இல்லாத நிலத்தை யாராவது எடுத்துவிடுவார்கள்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"இங்கே யார் எடுக்கப்போகிறார்கள்?" என்றார் ஒரு கிழவர்.

"அதைத் தடுக்கத்தானே எல்லோரும் கூடியிருக்கிறோம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.  மோசர் பேனையை என் பக்கம் தள்ளினார். வேலியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

நிலம் எங்கள் கைக்கு வந்தது. இவரே கட்டைகளைப் பிடுங்கினார், என்னைக் கிட்ட வர விடவில்லை. குழிகளை மண் போட்டு மூடி, காலால் மிதித்து இறுக்கினார். இப்போது இலை கொட்டும் காலம். இன்று காலை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கியவர் எங்கள் வாசலைக் கூட்டினார், மோசரின் வாசலையும் கூட்டினார், அதற்கு அப்பாலும் கொஞ்சத் தூரம் போனார். அங்கே நின்றுவிட்டார். ஆறுவரைக்கும் இலை கிடந்தது.

"இஞ்சேரப்பா," என்று அங்கே நின்றபடி என்னைக் கூப்பிட்டார், "எதுவரைக்கும் கூட்டுறது?"